முதல் வாரம் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்

இரண்டு வருடமாகப் படுக்கையில் தூக்கம் வராத நான், அந்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அயர்ந்து தூங்கினேன். அப்போது பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பாகூர் ஏரிக்கரைச் சாலை. காலை பதினோரு மணி, நல்ல வெயில். பின்னால் என் மனைவி கலாவதி, மடியில் அவள் தங்கை வீட்டுக்கென்று வாங்கிய பலாப்பழம். எதிர்க்காற்று முகத்தில் பட்டது என்ன சுகமோ, கண் மூடிக்கொண்டது. திறந்தபோது வாய்க்காலில் உட்கார்ந்திருந்தேன். கலாவதிக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. எனக்கும் பலாப்பழத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடிவந்தவர்களிடம், நாய் ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்றேன். கலாவதி அந்த வலியிலும் திருத்தினாள்.

"நாயும் வரல, பூனையும் வரல. இவரு கொறட்ட சத்தந்தான் வந்துச்சு."

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள்: "நீ ஒழுங்கா தூங்கற வரைக்கும் உன் வண்டில நான் ஏற மாட்டேன்." நாலு பேர் முன்னால் என்னை 'நீங்க' என்பவள் அவள். தனியாக இருக்கும்போதுதான் 'நீ'. நாலு பேர் முன்னாலேயே 'நீ' வந்துவிட்டதால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொண்டேன்.

எனக்கு மதகடிப்பட்டில் விதை, உரக் கடை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் இருக்கும்போது எனக்கு போன், அவளுக்கு சீரியல். நாங்கள் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும் ஒரே இடம் அந்த பைக்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் இடது காதுக்குள்தான் பேசி வந்திருக்கிறாள். யார் வீட்டில் என்ன சண்டை, எந்தப் புடவை சாயம் போச்சு, எனக்கு ஏன் புத்தியில்லை, எல்லாம் அங்கேதான். அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் என் இடது காது சும்மா இருந்தது. காது சும்மா இருந்தால் தூக்கம் வரும் என்று யாராவது நினைத்தால், அதுவும் வரவில்லை.

ஆகவே வைத்தியம். வில்லியனூர் தாண்டி இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓபியில் உட்காரும்போது கவனித்தேன், தூக்கம் வராதவர்கள் எல்லோரும் அந்த பெஞ்சில்தான் நன்றாகத் தூங்குகிறார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் தூக்கம் கெடுமாம், அது இல்லை என்றார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவரும் தூக்கம் வராமல்தான் கொஞ்ச நாள் நடந்துகொண்டிருந்தார், அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கலாவதி நல்ல கையால் என் சட்டைப் பொத்தான்களைத் திரும்பப் போட்டுவிட்டாள். ஒற்றைக் கையால் பொத்தான் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நெஞ்சும் சரியாகத்தான் இருந்தது. இன்சோம்னியா என்று எழுதினார்கள். வேறு வியாதி ஒன்றும் இல்லாமல், தூக்கம் மட்டும் வராத வியாதி. இவ்வளவு பெரிய பேர் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அங்கேதான் டாக்டர் நிவேதாவைப் பார்த்தோம். மேற்படிப்புப் படிக்கிற பெண். எங்களைவிட அவள் கண்ணுக்குக் கீழேதான் கருவளையம் அதிகம். தீசிஸ் எழுதியாக வேண்டும், அதற்குத் தூக்கம் வராத பத்துப் பேர் வேண்டும் என்றாள். கடைகளில் ஏற்கெனவே இருக்கிற இரண்டு தூக்க மருந்துகள், எது கூடுதல் நேரம் தூங்க வைக்கிறது என்று ஒப்பிடப் போகிறாள். அதில் எனக்கு ஒத்துக்கொள்கிறதைத்தான் கடைசியில் எனக்கு எழுதிக் கொடுப்பாளாம். அவள் படிவத்தைப் படித்துக் காட்டக் காட்ட எனக்குச் சிரிப்பு. எங்கள் தொழிலில் காலங்காலமாக நடக்கிற வேலைதான் இது. இரண்டு ரக விதையில் எது தேவலை என்று தெரிய வேண்டுமென்றால் இவன் வயலில் ஒன்று, அவன் வயலில் ஒன்று போட்டுப் பார்த்து என்ன பயன்? மண் வேறு, தண்ணீர் வேறு. ஒரே வயலில் பாதிக்கு அது, பாதிக்கு இது. அதே மாதிரி ஒரே ஆளுக்கு ஒரு வாரம் இந்த மருந்து, ஒரு வாரம் அந்த மருந்து. நடுவில் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், முதல் மருந்து உடம்பிலிருந்து வடிவதற்கு. ஐந்து பேருக்கு இது முதலில், ஐந்து பேருக்கு அது முதலில். இரண்டும் ஒரே மாதிரி கேப்சூலில் இருக்கும். எது எது என்று எங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பட்டியல் அவளுடைய பெரிய டாக்டரின் டிராயரில். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்றாள்.

"விதைக்கடைக்காரன்கிட்டயே சொல்றியாம்மா" என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆண்கள் வார்டு. பத்துக் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பத்துப் பாய், பாயில் துணைக்கு வந்தவர்கள். மாவுக்கட்டோடு வந்த கலாவதியைப் பார்த்து வார்டு சிஸ்டர், "பேஷண்ட் கட்டில்ல படுங்கம்மா, அட்டெண்டர் கீழ வாங்க" என்று என்னை இறக்கிவிட்டதும் நடந்தது. அடுத்த கட்டிலில் நெட்டப்பாக்கம் பெருமாள். கரும்பு போடுகிறவர், என் கடையில் பத்து வருட வாடிக்கை. மகளுக்குக் கல்யாணம் முடித்துக் கொடுத்ததிலிருந்து தூக்கம் இல்லை. அவரைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் வந்தது. தூக்கம் வராதவனுக்குப் பேச்சுத் துணை கிடைத்தால் அது ஆஸ்பத்திரியா, திருவிழாவா?

உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்டை நினைத்தால் எனக்கு இப்பவும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. யார் வீட்டிலிருந்து புளிசோறு வந்தாலும் பத்துப் பங்கு. சாயந்திரம் ஆறு மணிக்குமேல் டீ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஐந்தே முக்காலுக்கு கேன்டீனில் பத்துப் பேரும் வரிசையில் நிற்போம், ரேஷன் கடை மாதிரி. பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து புருஷன்மார்களின் மானத்தை வாங்குவார்கள். எங்களுக்குப் பின்னால் இவ்வளவு பேசுவதற்கு இருந்ததே என்று நாங்கள் ஒட்டுக் கேட்போம்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

முதல் ராத்திரி கேப்சூல் போட்டுக்கொண்டு படுத்தேன். மிஞ்சிப் போனால் இரண்டரை மணி நேரம் தூங்கியிருப்பேன். மீதி நேரம் பெருமாளும் நானும் வராண்டாவில் நடந்து, கரும்பில் தண்டுப்புழு பற்றிப் பேசினோம். காலை ஆறு மணிக்கு டாக்டர் நிவேதா வந்தாள். தலை குளித்து, ஈரம் காயாமல், கையில் அட்டையும் பேனாவும். முதல் கட்டில் நான்தான். குனிந்து, என் முகத்தைப் பார்த்து, "எவ்ளோ நேரம் சார் தூங்குனீங்க?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து இரண்டரை என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பிரியமாக 'சாப்பிட்டியா' என்று கேட்டால் பட்டினியாக இருந்தாலும் 'ஆச்சு' என்றுதான் சொல்வோம். கேட்டவர் மனசு நோகக் கூடாது. என் கடைக்கு வருகிற விவசாயிகள் அத்தனை பேரும் இப்படித்தான். விதை எப்படி வந்தது என்று நான் கேட்டால், பாதி முளைக்காவிட்டாலும், "நல்லா வந்துச்சு மொதலாளி" என்பார்கள். எங்கள் வாய்க்கு அது பொய்யாகவே படாது. மரியாதை.

"ஒரு அஞ்சு, அஞ்சரை இருக்கும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததே, அதற்கு ஆறு என்றே சொல்லியிருக்கலாம். அதைப் பெருமாள் சொன்னார். ராத்திரி பூராவும் என்னோடு நடந்த மனுஷன், கண் சிவக்க, "ஆறு மணி நேரம் டாக்டரம்மா, கனாவே வரல" என்றார். அடுத்த கட்டில் ஆறேகால். வார்டு முழுக்க ஏலம் மாதிரி ஏறியது. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஏழாம் நாள் அந்த வார்டில் எல்லோரும் கைக்குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தோம், தாளில்.

ஒரு வாரம் வீடு. திரும்பி வந்தபோது டாக்டர் நிவேதாவுக்குப் பரீட்சை. காலையில் கேட்டு எழுதுகிற வேலை வார்டு சிஸ்டருக்கு வந்தது. சிஸ்டர் நல்ல மனுஷி, ஆனால் தலையை நிமிர்த்த மாட்டார். "எவ்ளோ?" அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு மரியாதை தேவைப்படவில்லை. நாங்கள் உள்ளதைச் சொன்னோம். நான் நான்கரை, ஐந்து என்றேன். நிஜமாகவே தூங்கியிருந்தேன். நான் தூங்கிவிட்டதால் ராத்திரியில் தனியாக நடக்க வேண்டியிருக்கிறது என்று பெருமாள் கோபித்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து ஒவ்வொருவராக வரச் சொன்னார்கள். கலாவதியும் கூட வந்தாள், கட்டுப் பிரித்த மெலிந்த கையோடு. டாக்டர் நிவேதா தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டார்களாம். இரண்டு மருந்துக்கும் சராசரி போட்டால் ஏறக்குறைய ஒன்றுதானாம்.

"ஒரு விஷயம் மட்டும் புரியல சார்" என்றாள். "எந்த மருந்து சாப்பிட்டாலும் மொத வாரம் எல்லாரும் நல்லா தூங்கியிருக்கீங்க. ரெண்டாவது ட்ரிப்ல எல்லாருக்கும் கொறஞ்சிருக்கு. மருந்து வேல செஞ்ச மாதிரியே இல்ல, வாரம் வேல செஞ்ச மாதிரி இருக்கு."

அவள் என் சீட்டை எடுத்து, "உங்களுக்கு மொதல்ல குடுத்த மருந்துதான் ஒத்துக்கிட்டிருக்கு, அதையே எழுதறேன். மூணு மாசம் பாத்துட்டு வண்டி ஓட்டறதப் பத்திப் பேசலாம்" என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டரை மணி நேரத் தூக்கத்துக்கான சீட்டு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதுவும் மரியாதைதான்.

வெளியே வந்து மாடிப்படியில் கலாவதி நின்றுவிட்டாள்.

"அந்த மாத்திரையிலயா நீ தூங்குன?"

நான் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸைப் படித்தேன்.

"மொத வாரம் நீ எழுந்திரிச்சப்பலாம் என்னத் தாண்டித்தான போன? ஒரு ராத்திரி எத்தினி தபா தாண்டுனன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது ட்ரிப்லதான் நானே கண்ணு மூடுனேன். எங்கள யாரு கேட்டாங்க?" அப்புறம், "இந்தச் சீட்ட எடுத்துக்கினு வூட்டுக்கு வந்தன்னா, நான் கடைசி வரைக்கும் பஸ்லதான் போவணும். அத நெனச்சிக்க" என்றாள்.

படி இறங்கியிருந்தால் எட்டுப் படி. ஏறினேன்.

டாக்டர் நிவேதா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். நான் சிரிப்பு வரும்படிதான் சொன்னேன், ஏலக் கதையெல்லாம் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒன்றரை மாச உழைப்பு. அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டியது.

"ஏன் சார்?" என்றாள்.

"நீ கேட்ட விதம் அப்படிம்மா" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

பெருமாளுக்குப் போன் போட்டாள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மொதலாளி எவ்வளவு சொன்னார், அவர் ஒத்துக்கொண்டாரா என்று விசாரித்துவிட்டு, அப்புறம்தான் "ரெண்டு மணி நேரந்தாம்மா" என்றார். மற்ற எட்டுப் பேரும் அப்படித்தான். ஒருத்தர் மட்டும், தான் கூட்டிச் சொன்னது அரை மணி நேரம்தான் என்று கடைசி வரை சாதித்தார்.

பெரிய டாக்டரிடம் அவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று சிஸ்டர் மூலம் தெரிந்தது. ஆனால் அந்த மனுஷரே, முதலிலிருந்து மறுபடி செய், அனுமதியும் கூடுதல் அவகாசமும் நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பத்துப் பேரும் வருவார்களா என்பதுதான் அவள் கவலை. கரும்பு வெட்டு நேரம் அது. பெருமாள் வெட்டை மச்சானிடம் விட்டுவிட்டு, முதல் ஆளாகத் தலையணையோடு வந்து நின்றார். பத்துக் கட்டிலும் நிறைந்தது. மறுபடியும் யாருக்கு எது முதலில் என்று புதுப் பட்டியல்.

இந்தத் தடவை எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை சிஸ்டர் கட்டில் கட்டிலாக வந்து, தூங்கினால் கோடு, விழித்திருந்தால் வட்டம். கீழே பாயில் இருப்பவர்களுக்கும் தனித் தாள் கொடுத்தார்கள். கலாவதி தன் தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், நான் திருத்திவிடுவேனாம். டாக்டர் நிவேதா காலையில் வார்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. அவள் வரவில்லை. ஆனால் ஆறு மணிக்கு மாடிப்படித் திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கோட்டின் நுனி தெரியும். அந்த நுனியைப் பார்த்துப் பத்துப் பேரும் முடிந்தவரை தெம்பாக முகம் கழுவுவோம். அதற்குத் தாளில் இடமில்லை.

முடிவு தெரிந்தபோது எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னாள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரே மருந்தில் தூக்கம் கூடியிருந்தது. எனக்கும் அதேதான், இரண்டாவது ட்ரிப்பில் நிஜமாகத் தூங்கினேனே, அது. ஒருத்தருக்கு இரண்டும் சமம். ஒருத்தருக்கு மற்றது. இது தற்செயலாக இருக்காதா என்று நான் பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன். அவள் ஒரு காசை எடுத்தாள். இரண்டு மருந்தும் ஒன்றேதான் என்றால், ஒவ்வொருத்தருக்கும் எது கூடும் என்பது காசு சுண்டுகிற மாதிரி. சமமாக வந்தவரை விட்டுவிட்டால், ஒன்பது தடவை சுண்டி எட்டுத் தடவை ஒரே பக்கம் விழுவது லேசில் நடக்காது. அடிக்கடி நடக்காதது நடந்தால், காசில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நிச்சயம் என்று சொல்லக் கூடாது, சந்தேகம் பலமாகிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்றாள். நான் கடைக்கு வந்து ஒரு வாரம் சுண்டிப் பார்த்தேன். எட்டு விழுவதற்குள் யூரியா கேட்டு வந்த மூன்று பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

மற்ற மருந்து ஒத்துக்கொண்ட அந்த ஒருத்தர் பெருமாள். அவருக்கு வருத்தம்.

"எட்டுப் பேருக்கு நல்லதா இருக்கறது எனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா ஆவல?"

"எட்டுப் பேரோட கணக்கு ஊருக்குப்பா. உங்க சீட்ட நான் உங்களப் பாத்துத்தான் எழுதுவேன்" என்றாள். அவருக்கு மற்றதையே எழுதினாள். ராத்திரிதோறும் பெருமாள் படம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் பத்துப் பேர் வாட்ஸப் குரூப், கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிவிட்டது. ஒரு குரூப் செத்துப்போனதில் எனக்கு சந்தோஷமாக இருந்தது அது ஒன்றில்தான். சமயத்தில் நானே ஏதாவது போட்டுப் பார்ப்பேன். ஒரு நீல டிக் கூட வராது. எல்லோரும் தூங்குகிறார்கள்.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறுத்தி, அப்புறமும் தூக்கம் நின்ற பிறகு டாக்டர் நிவேதா வண்டி ஓட்டலாம் என்றாள். கலாவதி அதற்குமேல் ஒரு மாதம் தன் கணக்குக்கு எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் என் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாள், மாடு வாங்குகிறவள் மாதிரி.

பெருமாள் பேத்திக்குக் காது குத்து. நெட்டப்பாக்கம் போக வேண்டும். நான் வண்டியை வாசலில் இறக்கி, வழக்கம்போல அவளை அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் பார்க்கலாம் என்று ஸ்டார்ட் பண்ணினேன். அவள் புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

மெயின் ரோடு தாண்டியதும் ஆரம்பித்தாள். ஆறேழு மாசத்துப் பேச்சு. தங்கை மாமியார், பஸ் கண்டக்டரின் திமிர், காது குத்துக்குப் போகிறவன் போட்டுக்கொள்கிற சட்டையா இது. இடது காது நிறைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் வந்தபோது பேச்சு நின்றது. கோபமோ என்று நினைத்தேன். அப்புறம் என் முதுகில் ஒரு கனம் மெதுவாக வந்து சாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் தூங்காத வருடங்களெல்லாம் இவளும் பக்கத்தில் படுத்து எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது எனக்கு அந்தக் கரும்புக் காட்டில்தான் உறைத்தது.

ஒரு கையைப் பின்னால் விட்டு அவளைப் பிடித்துக்கொண்டு, நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினேன். ஸ்டாண்ட் போட முடியாது, போட்டால் எழுந்துவிடுவாள். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் பெருமாளே எங்களைத் தேடிக்கொண்டு மொபெட்டில் எதிரே வந்தார்.

"இன்னா மொதலாளி, அங்க எல்லாரும்..." என்று ஆரம்பித்தவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். சத்தமில்லாமல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். கரும்பு லாரி ஒன்று தூரத்தில் திரும்பியபோது, எழுந்து போய் நடுரோட்டில் நின்று, ஹாரன் அடிக்காதே என்று டிரைவருக்குக் கையை ஆட்டினார்.

லாரி மெல்ல எங்களைத் தாண்டிப் போயிற்று. என் இடது கால் மரத்துவிட்டது. அவள் தலை அசையாமல் எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டேன்.